இட்லிக்கு இடம் உண்டு, இட்லிக்காரருக்கு?

கல்யாண் போகும் லோக்கல் ரயிலில் மும்பை மாநகராட்சியின் எல்லை முலுண்டோடு முடிகிறது. அடுத்த ஸ்டேஷனான தானே வேறு ஊர், வேறு மாநகராட்சி. எல்லையில் இருப்பதால் முலுண்டுக்கு நெடுங்காலம் ஒரு வாயிற்காவலன் வேலையும் இருந்தது. ‘செக் நாகா’வில் லாரிகள் வரிசை கட்டி நின்று, ஆக்ட்ராய் செலுத்திய பிறகே நகருக்குள் நுழைய முடியும். ‘என்ன சரக்கு, எங்கிருந்து வருகிறது?’ என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, ஆக்ட்ராய் ஒழிந்தது. சரக்கை நிறுத்திக் கேட்பது நின்றுபோயிற்று. மனிதர்களை நிறுத்திக் கேட்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

முலுண்டை ஊடுருவிச் செல்லும் லால் பகதூர் சாஸ்திரி மார்க் ஒரு காலத்தில் தொழிற்சாலைகளின் சாலை. பாண்டுப்பில் சியெட் டயர், முலுண்டில் ஜான்சன் அண்ட் ஜான்சன் என்று ஷிப்ட் சங்கு கேட்டு விழித்த பகுதி அது. மாதுங்காவில் வாடகை கட்டுப்படியாகாத தமிழ்க் குமாஸ்தாக்களும் ஸ்டெனோகிராபர்களும் சயான், செம்பூர், காட்கோபர் என்று நகர்ந்து, கடைசியில் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் ஒரு படுக்கையறை பிளாட் வாங்கிக் குடியேறினார்கள். குஜராத்திகளும் மராத்தியர்களும் மலையாளிகளும் பஞ்சாபிகளும் அங்கே இருந்தார்கள். 2000க்குப் பிறகு அதே சாலையில் மால்கள் முளைத்தன. நிர்மல் லைஃப்ஸ்டைல் என்ற திறந்தவெளி மாலும் ஆர் மாலும் வந்த புதிதில், தானேயிலிருந்தும் காட்கோபரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

மால் கலாசாரத்தின் கவர்ச்சி துணிக்கடைகளில் மட்டும் இல்லை, மாடியில் இருக்கும் உணவுக் கூடத்திலும் இருக்கிறது. ஒரு கவுண்டரில் நூடுல்ஸ், பக்கத்தில் மோமோ, அதற்கடுத்து தாய்லாந்துக் குழம்பு, கோடியில் ‘சவுத் இண்டியன்’. தோசைக்குள் ஷேஸ்வான் சட்னி புகுந்து வெகுநாளாயிற்று. சீனத்தின் சிசுவான் மாநிலத்துக்காரர் சாப்பிட்டால் அது தன் ஊர்ச் சட்னி என்று ஒப்புக்கொள்ள மாட்டார், மாயவரத்துக்காரர் அதைத் தோசை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் மும்பைக் குழந்தைகளுக்கு அது பிறந்தது முதல் பழகிய உணவு. கீழே நடு முற்றத்தில் ஓணத்துக்குப் பூக்கோலம், நவராத்திரிக்கு தாண்டியா, பொங்கலுக்கு ஒரு பரதநாட்டியம், கிறிஸ்துமஸுக்கு மரம். ‘ஆசியாவே ஒரே கூரையின் கீழ்’ என்று விளம்பரம் செய்ய வசதியான ஏற்பாடு.

இதை எளிதாகக் கேலி செய்துவிடலாம். செய்யக்கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் வாழும் நகரம் இது. சுத்தமான கழிப்பறை, குளிர்ந்த காற்று, உட்கார ஒரு பெஞ்சு, தனியாக வந்த பெண்ணை யாரும் முறைத்துப் பார்க்காத ஒரு மாலைப் பொழுது, இவையெல்லாம் மும்பையில் அரிய பொருள்கள். யார் சமைத்தார்கள், பக்கத்து மேஜையில் என்ன ஜாதி என்று உணவுக் கூடத்தில் யாரும் விசாரிப்பதில்லை. நம் பாட்டிமார்கள் கனவிலும் நினைத்திராத சமபந்தி அது.

கேள்வி வேறு. இந்தச் சமபந்தி தட்டை வைத்துவிட்டு எழுந்த பிறகும் நீடிக்கிறதா?

இன்று உலகம் முழுதும் நாம் காணும் மூடிய குளிர்சாதன மாலுக்கு முன்னோடி, 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எடினா என்ற புறநகரில் திறக்கப்பட்ட சவுத்டேல். அதை வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர். வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். கார்களை நம்பிச் சிதறிக் கிடந்த அமெரிக்கப் புறநகர்களுக்குத் தன் ஊரின் சதுக்கத்தைப் போல, கடையும் கலையும் நாலு பேர் பேச்சும் கலந்த ஒரு நடுமுற்றம் தரவேண்டும் என்பது அவர் ஆசை. சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் வரவேண்டும் என்று திட்டமிட்டார். கட்டியவர்கள் லாபம் தரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். தன் பெயரைச் சொல்லி எழுந்த மால்களுக்குத் தான் தகப்பன் அல்ல என்று கடைசிக் காலத்தில் அவரே கைகழுவினார். சமூக முற்றம் என்ற எண்ணம் மாலுக்குப் பிறகு சேர்ந்த அலங்காரம் அல்ல, அதுதான் மூல நோக்கம். வழியில் தொலைந்து போனது அதுதான்.

மும்பையில் அது தொலைந்த விதம் இன்னும் வெளிப்படையானது. 1999இல் தென்மும்பையில் ஹாஜி அலி அருகே கிராஸ்ரோட்ஸ் மால் திறந்தபோது கூட்டம் தாங்கவில்லை. நிர்வாகம் ஒரு விதி போட்டது. கையில் மொபைல் போன் அல்லது கிரெடிட் கார்டு இருந்தால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் 60 ரூபாய் நுழைவுக் கட்டணம். எதிர்ப்புக் கிளம்பியதும் விதி கைவிடப்பட்டது. ஆனால் அந்த விதியில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது கட்டணம் கேட்பதில்லை. வாசலில் மெட்டல் டிடெக்டரோடு நிற்கும் செக்யூரிட்டியின் பார்வையே போதும், அழுக்குச் சட்டைக்காரர் தானே ஒதுங்கிவிடுவார்.

அப்படிக் காப்பாற்றப்பட்ட மால்களும் நிலைத்தனவா என்றால் அதுவும் இல்லை. கிராஸ்ரோட்ஸ் கை மாறி, பெயர் மாறி, கடைசியில் கடன் பாக்கிக்காக ஏலப் பேச்சில் அடிபட்டது. முலுண்டின் திறந்தவெளி மாலும் தன் ஆரம்பகாலப் பொலிவை நீடித்து வைத்திருக்க முடியவில்லை. இன்னும் பெரிய மால் இன்னும் பெரிய உணவுக் கூடத்தோடு வந்தால், கூட்டம் அங்கே போய்விடும். நடு முற்றத்தில் ஆடிய குழந்தைகளுக்கும் அந்த இடத்துக்கும் இடையே எந்த உறவும் மிஞ்சுவதில்லை. மேடை அவர்களுடையது அல்லவே.

இதற்கு நேர் எதிரான ஒரு ‘ஷாப்பிங் சென்டர்’ அதே ரயில் பாதையில், கூரையே இல்லாமல், பல தலைமுறைகளாக நடந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பெயர் மாதுங்கா.

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் போட்ட திட்டங்களில் பிறந்தது தாதர் - மாதுங்கா குடியிருப்பு. அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே தங்கினார்கள். அவர்களைத் தேடி ஹோட்டல்கள் வந்தன. 1939இல் ராம் ஆஸ்ரயா, 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராம நாயக்கின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். வேடிக்கை என்னவென்றால், ‘மெட்ராஸ்’ என்று பெயர் வைத்து நமக்கு ரவா தோசை போட்டவர் கர்நாடகக் கடற்கரையிலிருந்து வந்த காமத். ராம நாயக்கும் அந்தப் பக்கத்துக்காரர். நேந்திரங்காய் வறுவலுக்கு மாதுங்காவில் பெயர் பெற்ற சேடா ஸ்டோர்ஸை நடத்துபவர்கள் கட்ச் குஜராத்திகள். வாழையிலையும் மல்லிகைச் சரமும் காபிப் பொடியும் விற்கும் அந்தத் தெருக்களில் யாருடைய உணவை யார் விற்கிறார்கள் என்ற கணக்கு எப்போதோ குழம்பிப்போய்விட்டது. குழம்பியது நல்லது.

மாலிலும் இதே கலப்புத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். வித்தியாசம் இதுதான். மாதுங்காவில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். பாக்கி வைத்திருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்திருக்கிறார்கள். எதுவும் வாங்காமல் அந்தத் தெருவில் ஒருவர் நாள் முழுதும் நின்றாலும் கேட்க ஆளில்லை.

கலைகளும் அப்படித்தான். எஸ்.ஐ.இ.எஸ். என்று எல்லோரும் அழைக்கும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தொடங்கியது. ஷண்முகானந்தா சபா 1952இல் உருவாகி, 1963இல் சொந்த அரங்கம் கட்டியது. 1990இல் தீ அந்த அரங்கத்தை அழித்தது. ஒரு மால் என்றால் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு மனையை விற்றிருப்பார்கள். சபாக்காரர்கள் நிதி திரட்டி, 1998இல் மறுபடி திறந்தார்கள். செம்பூரில் 1962இல் தொடங்கிய ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் உறுப்பினர்களின் சந்தாவில் வளர்ந்ததுதான். முலுண்டிலேயே மாநகராட்சி நடத்தும் மகாகவி காளிதாஸ் நாட்டிய மந்திர் இருக்கிறது. மராத்தி நாடகமும் குஜராத்தி நாடகமும் ஒரே மேடையில் மாறி மாறி நடக்கின்றன. அந்த மேடையில் ஏற எந்த பிராண்டின் தயவும் வேண்டாம், வாடகை கட்டினால் போதும்.

மாதுங்காவைச் சொர்க்கமாகக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். அந்தச் சபாக்களின் நாற்காலிகளில் எந்த ஜாதிக்காரர்கள் உட்கார்ந்தார்கள் என்பது ஊரறிந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலித் தமிழர்களுக்கு அந்த மேடையும் வெகுதூரம்தான். 1966இல் சிவசேனா பிறந்த பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய அலையில் உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்ததும் உண்மை. இட்லிக்கு மாற்றாக வடா பாவை அரசியல் தூக்கிப் பிடித்த காலம் அது. ஆனால் கடைகள் எழுந்து போகவில்லை. கல் எறிந்தவர்களின் பிள்ளைகள் இன்று அதே ஹோட்டல்களின் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறார்கள். இடம் நிலைத்து நின்றால் உறவு திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

இப்போது முலுண்டுக்குத் திரும்புவோம். 2023 செப்டம்பரில் முலுண்ட் மேற்கில் ஒரு மராத்திப் பெண் அலுவலகம் வைக்க இடம் தேடி ஒரு குடியிருப்புச் சங்கத்துக்குப் போனார். இங்கே மராத்தியர்களுக்கு இடம் தருவதில்லை என்று பதில் வந்தது. மகாராஷ்டிரத்தின் தலைநகரில், மராத்தி பேசும் பெண்ணுக்கு! அவர் எடுத்த வீடியோ பரவியது, வழக்குப் பதிவாயிற்று, மன்னிப்புக் கேட்கப்பட்டது. அந்தச் சங்கத்துக்காரர்கள் மாலில் பூரன் போளி சாப்பிட மாட்டார்களா? நிச்சயம் சாப்பிடுவார்கள். பக்கத்து மேஜையில் மராத்தியர் உட்கார்ந்தால் எழுந்து போக மாட்டார்கள். பக்கத்துக் கதவு என்றால்தான் தயக்கம். முஸ்லிம்களுக்கும் தலித்துகளுக்கும் அசைவம் சமைப்பவர்களுக்கும் மும்பையில் இந்தப் பதில் புதிதல்ல. அதிர்ச்சி என்னவென்றால், அது இந்த முறை யாரிடம் சொல்லப்பட்டது என்பதுதான்.

அடுத்த சோதனை இன்னும் பெரியது. அது தமிழர்களை நேராகத் தொடுகிறது.

மும்பையின் தெருக்களில் விடிகாலையில் பாம் பாம் என்று ஹார்ன் அடித்துக்கொண்டு சைக்கிளில் வரும் இட்லிக்காரரைத் தெரியாத ஆள் இல்லை. எந்த மொழிக்காரர் கூப்பிட்டாலும் அவர் ‘அண்ணா’தான். அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, மெதுவடை, தூக்கில் சட்னி, சாம்பார். இவர்களில் பெரும்பாலோர் கிளம்பி வரும் இடம் தாராவி. நள்ளிரவு தாண்டியதும் அங்கே அடுப்பு எரியத் தொடங்கும். தரைமட்டத்தில் ஓர் அறை, கிரைண்டர், தண்ணீர், சைக்கிளைச் சாத்தி வைக்க ஒரு சந்து, இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடாவும் உத்தரப் பிரதேசத் தையல்காரர்களின் பட்டறைகளும் அவர்களுக்கு அக்கம்பக்கம். யாரும் திட்டமிடாமல் உருவான பல மொழிச் சந்தை அது.

அந்தத் தாராவி இப்போது மாற்றிக் கட்டப்பட இருக்கிறது. அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்த திட்டம். 2000ஆம் ஆண்டுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பதாக நிரூபிக்க முடிந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பிறகு வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் இருப்பவர்களுக்கும் வேறிடம்தான், அதுவும் பணம் கட்டியோ வாடகைக்கோ. இட்லிக்காரர்களில் பலர் மேல்தளத்தில் கூட்டாகத் தங்கியிருக்கும் வாடகைக்காரர்கள் என்பதைத் தாராவிக்குப் போன எவரும் பார்த்திருப்பார்கள். அந்த வேறிடத்துக்காக 2024இல் மகாராஷ்டிர அரசு ஒதுக்க முடிவு செய்தது 255.9 ஏக்கர் உப்பள நிலம். அது இருக்கும் இடங்கள் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட்.

செய்தி கசிந்ததுமே முலுண்ட் கிழக்கில் எதிர்ப்புக் கிளம்பியது. கூட்டங்கள் நடந்தன, பதாகைகள் தொங்கின. கட்சி வேற்றுமை இல்லாமல் அரசியல்வாதிகள் வந்து சேர்ந்தார்கள். எதிர்ப்பில் இரண்டு குரல்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் கேட்பது அவசியம்.

ஒரு குரல் சொல்கிறது: இருக்கும் சாலையும் ரயிலும் சாக்கடையும் தண்ணீரும் போதவில்லை. உப்பளங்கள் மழைநீரை வாங்கி வைக்கும் பள்ளங்கள், அங்கே கோபுரங்கள் கட்டினால் வெள்ளம் எங்கே போகும்? இது முற்றிலும் நியாயம். 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மறந்தவர்கள்தான் இதை அலட்சியம் செய்வார்கள். தாராவிக்காரர்களுக்கும் இந்த வாதம் சாதகமானதே. வேலை செய்யும் இடத்திலிருந்து அவர்களைப் பிடுங்கிச் சதுப்பின் ஓரத்தில் நடுவது நியாயமல்ல.

இன்னொரு குரல், ‘அந்த மாதிரி ஆட்கள் வந்தால் நம் ஏரியா கெட்டுவிடும்’ என்கிறது. இதைப் பதாகையில் எழுதுவதில்லை, லிஃப்டில் பேசுகிறார்கள். வருத்தமான விஷயம், இந்தக் குரல் தமிழிலும் கேட்கிறது. மாதுங்காவில் வாடகைக்கு இடம் கிடைக்காமல் முலுண்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ‘மதராசி’ என்று பள்ளிக்கூடத்தில் அழைக்கப்பட்டவர்கள், தாராவித் தமிழரைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள். காலையில் அவரிடம் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

சாப்பாடு மட்டும் மனிதர்களைச் சேர்த்துவிடாது என்பதைச் சிங்கப்பூர் நமக்கு முன்பே புரிந்துகொண்டது. 1971க்கும் 1986க்கும் இடையே தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்களை அரசு ஒழுங்குபடுத்தி, தண்ணீரும் சாக்கடையும் உள்ள ஹாக்கர் சென்டர்களில் குடியமர்த்தியது. லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சென்டருக்குப் போன தமிழர்களுக்குத் தெரியும். கீழே மீனும் காய்கறியும், பக்கத்திலேயே பிரியாணியும் சீனக் கஞ்சியும் மலாய்ச் சோறும், மேலே புடவைக் கடை, தையல் கடை. 2020இல் இந்த ஹாக்கர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அரசு அதோடு நிற்கவில்லை. 1989 முதல் அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு வைத்தது. ஒரே இனம் ஒரு கட்டடத்தை நிரப்ப முடியாது. இதில் குறைகள் உண்டு. சிறுபான்மை இனத்தவர் வீட்டை விற்கப் போனால் வாங்கும் ஆட்கள் குறைவு என்ற புகார் இன்றும் இருக்கிறது. அந்தக் கட்டாயம் நமக்கு ஒத்துவராது. ஆனால் மேஜையில் மட்டும் கலந்தால் போதாது, மாடிப்படியிலும் கலக்க வேண்டும் என்ற அறிவு நமக்கும் தேவை.

முலுண்டில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தொழிற்சாலை மனைகளில் கோபுரங்கள் எழும்போது, மால் ஒன்று வருவதோடு, மாநகராட்சிச் சந்தைக்கும் சிறு அரங்கத்துக்கும் இடம் கேட்கலாம். குறைந்த வாடகை, வாசலில் யாரையும் அளவெடுக்காத ஏற்பாடு. தாராவியிலிருந்து யாரை எங்கே குடியமர்த்தினாலும், தரைமட்டத்தில் மாவாட்டவும் அவிக்கவும் இடமும், அந்த நேரத்தில் தண்ணீரும் இல்லாமல் வீட்டை மட்டும் கொடுப்பது தொழிலைப் பறிப்பது என்று சொல்லலாம். இதைச் சொல்ல முலுண்ட் தமிழர்களுக்குத்தான் முதல் உரிமை, முதல் கடமை. குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அந்த இரண்டாவது குரல் எழும்போது, சும்மா இருக்காமல் மறுத்துப் பேசுவது அதைவிடவும் கடினம், அதைவிடவும் உபயோகம்.

சபாக்களுக்கும் வேலை இருக்கிறது. வருஷம் முழுதும் ஒரே ராகத்தில் கச்சேரி வைத்துவிட்டு, இளைஞர்கள் வருவதில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை. தாராவியில் பறையடிக்கும் பையன்களுக்கு ஒரு மாலை, பக்கத்துக் கட்டடத்து மராத்தி நாடகக் குழுவுக்கு ஒரு மாலை ஒதுக்கினால் அரங்கம் குறைந்துவிடாது.

அதிகாலையில் ஹார்ன் சத்தம் கேட்டதும் நாலாவது மாடி பால்கனியிலிருந்து ‘அண்ணா, நில்லுங்க’ என்று குரல் கொடுக்கிறோம். அந்த அண்ணா பத்து மணிக்குத் தொழிலை முடித்துக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் சங்கச் செயலாளர் என்ன பதில் சொல்வார்? அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு கேள்வியாகச் சேர்த்துப் பார்க்கலாம்.